ஆழ்கடலின் முதுகெலும்பில்லாத குடிமக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆழ்கடல் என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது தூண்டில் மீனின் பற்கள்தான். நல்ல மீன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே பெரும்பான்மையோர் மீன்கள் இல்லை. புழு, நத்தை, கணவாய், கடல் அட்டை, இறால், ஜெல்லி, கடற்பஞ்சு, பவளம் போன்ற முதுகெலும்பு இல்லாத உயிர்கள். இவற்றைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் இருட்டையும் அழுத்தத்தையும்தான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த வாழ்க்கையை அதிகம் செதுக்கியது பசிதான். கீழே உள்ள பதில்களில் அது அடிக்கடி தலைகாட்டும்.

ஆழ்கடல் எங்கே தொடங்குகிறது?

வழக்கமாக 200 மீட்டருக்குக் கீழே. அங்கிருந்து செடி வளரும் அளவுக்கு வெளிச்சம் கிடையாது. 1,000 மீட்டரைத் தாண்டினால் சூரிய ஒளி சுத்தமாக இல்லை. கடலின் சராசரி ஆழம் சுமார் 3,700 மீட்டர் என்பதால் பூமியில் உயிர் வாழ இருக்கும் இடத்தில் பெரும்பகுதி இந்த இருட்டுதான். நாம் வாழும் தரைப்பரப்புதான் விதிவிலக்கு. தண்ணீர் பெரும்பாலும் 2 முதல் 4 டிகிரி குளிரில் இருக்கும். மிக ஆழமான இடம் பசிபிக்கில் மரியானா அகழியின் சேலஞ்சர் பள்ளம், கிட்டத்தட்ட 10,900 மீட்டர்.

அங்கே உயிரே கிடையாது என்று ஒரு காலத்தில் நம்பினார்களாமே?

ஆமாம், படித்தவர்களே நம்பினார்கள். 1840களில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் இயற்கையியலாளர் ஏஜியன் கடலில் வலை இழுத்துப் பார்த்தார். ஆழம் கூடக் கூட உயிர்கள் குறைந்தன. அந்தக் கணக்கை நீட்டி, சுமார் 550 மீட்டருக்குக் கீழே உயிர் இருக்காது என்று முடிவு கட்டினார். அவருடைய கெட்ட நேரம், ஏஜியன் கடலின் அடி இயல்பாகவே உயிர் குறைந்த இடம். அவர் வீசிய வலையும் சின்னத் துளைகள் கொண்டது.

அந்தக் கணக்கு உடைந்தது கொஞ்சம் வேடிக்கையான வழியில். 1860இல் மத்தியதரைக் கடலில் சார்டினியாவுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் இடையே கிடந்த தந்திக் கேபிள் பழுதாகி, அதை மேலே இழுத்தார்கள். ஏறக்குறைய 2,000 மீட்டர் ஆழத்தில் கிடந்த கேபிளில் பவளமும் சிப்பியும் ஒட்டி வளர்ந்திருந்தன. வலையில் வந்திருந்தால் 'மேலே வரும் வழியில் சிக்கியது' என்று தட்டிக்கழிக்கலாம். கேபிளோடு ஒட்டி வளர்ந்ததை என்ன சொல்வது? நார்வேயில் மைக்கேல் சார்ஸும் அவர் மகனும் லோஃபோடன் தீவருகே ஆழத்திலிருந்து நட்சத்திர மீனின் உறவான கடல் அல்லியை எடுத்தார்கள். புதைபடிவங்களில் பார்த்துப் பழகிய ஓர் இனத்தின் உயிருள்ள உறவு அது. அப்புறம் 1872 முதல் 1876 வரை ஹெச்.எம்.எஸ். சேலஞ்சர் கப்பல் உலகைச் சுற்றி வந்து இந்த விவாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

அவ்வளவு அழுத்தத்தில் எப்படி நசுங்காமல் இருக்கின்றன?

10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்று கணக்கு. 4,000 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 400 கிலோ. ஆனால் நசுங்குவது காற்று நிரம்பிய பொருள்தான். நம் நுரையீரல் நசுங்கும். கடல் அட்டைக்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம், நசுங்க எதுவுமில்லை.

சிக்கல் மூலக்கூறு அளவில்தான் வருகிறது. அதிக அழுத்தம் புரதங்களின் மடிப்பைக் குலைக்கும். இதைச் சமாளிக்க பல ஆழ்கடல் உயிர்கள் டி.எம்.ஏ.ஓ. என்ற சிறு மூலக்கூறை உடலில் சேர்த்து வைக்கின்றன. ஆழம் கூடினால் அதன் அளவும் கூடுகிறது. மீன் கெடும்போது மூக்கைத் துளைக்கும் வாடை இருக்கிறதே, அது இந்தப் பொருள் சிதைவதால் வருவதுதான்.

உயிரணுவின் சவ்வும் மாறியிருக்கிறது. சீப்பு ஜெல்லிகளை வைத்து 2024இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஆழத்தில் வாழும் இனங்களின் சவ்வுக் கொழுப்புகள் அந்த அழுத்தத்தில்தான் சரியான வடிவத்தில் நிற்கும்படி அமைந்திருப்பதைக் காட்டியது. மேலே கொண்டுவந்தால் அழுத்தம் நீங்கி, சவ்வே கட்டுக்குலைகிறது. ஆழத்து ஜெல்லிகள் படகுக்கு வருவதற்குள் கூழாகிவிடுவதற்கு இது ஒரு காரணம்.

சேலஞ்சர் பள்ளத்தின் அடியில் வாழும் ஹிரோண்டெல்லியா கிகாஸ் என்ற, இறால் வகையறாவைச் சேர்ந்த சின்ன ஓட்டுயிர் இன்னொரு வழி கண்டுபிடித்திருக்கிறது. கடல் மண்ணிலிருந்து அலுமினியத்தைப் பிரித்தெடுத்து உடலின் மேல் ஒரு கூழ்ப்படலமாகப் பூசிக்கொள்கிறது. 4,500 மீட்டருக்கும் கீழே கால்சியம் கார்பனேட் கரைந்துபோகும் என்பதால், சுண்ணாம்பு ஓட்டை நம்பிப் பிழைக்க முடியாது.

செடியே இல்லாத இடத்தில் என்ன சாப்பிடுகின்றன?

மேலிருந்து விழுவதை. இறந்த மிதவை உயிர்கள், அவற்றின் எச்சம், சளி, உரித்துப் போட்ட தோல் எல்லாம் சேர்ந்து துகள் துகளாக இறங்கிக்கொண்டே இருக்கின்றன. கடல்பனி என்று இதைச் சொல்கிறார்கள். வழியில் நுண்ணுயிர்களும் மற்றவையும் தின்றது போக அடித்தளத்துக்கு வந்து சேர்வது மிகச் சொற்பம்.

இந்தப் பனியின் ஒரு பகுதியைச் செய்து தருபவை ராட்சத லார்வேசியன்கள் என்ற மிதவை உயிர்கள். விரல் நீளம்தான் இருக்கும், ஆனால் தன்னைச் சுற்றி சளியால் ஒரு மீட்டர் அகல வடிகட்டி வீடு கட்டிக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் வீட்டைக் கழற்றி விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று. கிட்டத்தட்ட நாளுக்கொரு வீடு. கைவிட்ட வீடு, சிக்கிய உணவோடு சேர்ந்து வேகமாக அடிக்கு இறங்கும்.

இந்தத் துகள்களை நம்பி வாழ்பவர்களில் பெயருக்கும் நடத்தைக்கும் சம்பந்தமே இல்லாத ஒருவர் உண்டு: வாம்பைரோடியூதிஸ் இன்ஃபெர்னாலிஸ், 'நரகத்தின் ரத்தக்காட்டேரிக் கணவாய்'. ஜெர்மானிய விலங்கியலாளர் கார்ல் சூன் 1903இல் வைத்த பெயர். சிவந்த கறுப்பு உடல், பெரிய கண், கைகளுக்கு நடுவே குடை போன்ற சவ்வு என்று தோற்றம் பயமுறுத்துவதால் ரத்தம் குடிக்கும் என்று நம்பத் தோன்றும். 2012இல் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் கண்டது வேறு. ஆக்சிஜன் மிகக் குறைந்த நீர்ப்படலத்தில் அசையாமல் மிதந்துகொண்டு, மெல்லிய நீண்ட இழை ஒன்றை நீட்டி, அதில் ஒட்டும் கடல்பனியைச் சளியில் உருட்டி விழுங்குகிறது. அவ்வளவுதான். குப்பை பொறுக்கி வாழும் சாது. தலைமுறை தலைமுறையாக அதன் பெயரைக் கெடுத்து வைத்திருக்கிறோம்.

அடித்தளத்தில் மேய்பவர்கள் கடல் அட்டைகள். பாக் நீரிணைப் பக்கம் மீனவர்களுக்கு நன்கு தெரிந்த அதே கூட்டம்தான், ஆனால் ஆழத்து உறவினர்கள் ஆளே வேறு. கடல் பன்றி என்று அழைக்கப்படும் ஸ்கோட்டோபிளேன்ஸ் ஊதிய உடலும் குட்டைக் கால்களுமாகச் சேற்றின் மேல் நடந்து, புதிதாக விழுந்த துகள்களைச் சேற்றோடு உண்ணும். கலிஃபோர்னியா கரைக்கு அப்பால் குட்டி ராஜ நண்டுகள் இவற்றின் வயிற்றுக்கடியில் தொற்றிக்கொண்டு பயணம் செய்வதைப் பார்த்திருக்கிறார்கள். ஒளிய ஒரு கல்கூட இல்லாத சேற்றுவெளியில் குட்டி நண்டுக்கு வேறென்ன கிடைக்கும்?

திமிங்கலம் செத்து விழுந்தால்?

திருவிழா. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது திமிங்கலத்துக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். முதலில் சுறாவும் விலாங்கு போன்ற ஹாக் மீன்களும் சதையைத் தின்னும். அப்புறம் புழுக்களும் ஓட்டுயிர்களும் மிச்சத்தை. கடைசியில் எலும்புக்குள் இருக்கும் கொழுப்பை நுண்ணுயிர்கள் சிதைக்க, அதில் வரும் சல்ஃபைடை நம்பி மட்டிகள் குடியேறும். ஒரு பெரிய எலும்புக்கூடு பல பத்தாண்டுகள் சோறு போடும்.

2002இல் மான்டரே பள்ளத்தாக்கில் 2,891 மீட்டர் ஆழத்தில் இப்படிக் கிடந்த ஒரு திமிங்கல எலும்பின் மேல் சிவப்புக் கம்பளம் விரித்தது போலப் புழுக்கள் இருந்தன. ஓசிடாக்ஸ் என்ற இந்தப் புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. அமிலம் சுரந்து எலும்பைத் துளைத்து வேர் விடுகிறது. வேருக்குள் வாழும் பாக்டீரியா உணவைச் செரித்துக் கொடுக்கிறது. பார்த்த பெரிய புழுக்கள் எல்லாமே பெண். ஆண் எங்கே என்று தேடினால், நுண்ணோக்கியில்தான் அகப்பட்டது: பெண்ணின் குழாய்க்குள்ளேயே டஜன் கணக்கில் குடியிருக்கும் குட்டிகள். அவை வளர்வதே இல்லை. முட்டையிலிருந்து கிடைத்த கருவுணவு தீரும்வரை விந்து உற்பத்தி செய்வது மட்டும்தான் வேலை. அடுத்த எலும்பு எப்போது கிடைக்கும் என்று தெரியாத உலகத்தில் துணையைத் தேடி அலைய முடியாது, கூடவே வைத்துக்கொள்வதுதான் லாபம்.

சூரியன் தேவையே இல்லாமல் வாழும் உயிர்கள் என்கிறார்களே, அது எப்படி?

இது 1977 பிப்ரவரியின் கதை. கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே, கடலடியில் நிலத்தட்டுகள் விலகும் பிளவில் வெந்நீர் ஊற்று இருக்க வேண்டும் என்று புவியியலாளர்கள் எதிர்பார்த்தார்கள். கயிற்றில் கட்டி இழுத்த கேமரா ஆயிரக்கணக்கான படங்களில் வெறும் எரிமலைப் பாறையைக் காட்டிக்கொண்டே வந்தது. வெப்பமானி ஒரே ஒரு இடத்தில் துள்ளியது. அந்த நேரத்துப் படங்களைக் கழுவிப் பார்த்தால் வெள்ளை மட்டிகளின் கூட்டம்.

ஆல்வின் நீர்மூழ்கி சுமார் 2,500 மீட்டர் இறங்கிப் போனபோது அங்கே மட்டி, நண்டு, சிவப்புத் தலை நீட்டிய ஆளுயரக் குழாய்ப்புழு எல்லாம் நெருக்கியடித்து வாழ்ந்தன. ஆழ்கடல் பாலைவனம் போல இருக்கும் என்றுதானே சொன்னார்கள் என்று உள்ளே இருந்த புவியியலாளர் ஜாக் கார்லிஸ் மேலே கப்பலில் இருந்த மாணவியிடம் தொலைபேசியில் கேட்டார். அந்தப் பயணத்தில் ஓர் உயிரியலாளர்கூட இல்லை. மாதிரிகளைப் பதப்படுத்த கொஞ்சம் ஃபார்மலின்தான் இருந்தது; தீர்ந்ததும் பனாமாவில் வாங்கி வைத்திருந்த ரஷ்ய வோட்காவில் போட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரிய உயிரியல் கண்டுபிடிப்புகளில் ஒன்று கரை சேர்ந்தது சாராயத்தில்தான்.

குழாய்ப்புழுவின் பெயர் ரிஃப்டியா. இதற்கும் வாய், குடல், ஆசனவாய் எதுவும் கிடையாது. எப்படி உயிர் வாழ்கிறது? 1980இல் ஹார்வர்டில் ஒரு வகுப்பில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மெரடித் ஜோன்ஸ் இந்தப் புழுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். உடலுக்குள் இருக்கும் பழுப்பான திசுவில் கந்தகப் படிகங்கள் காணப்படுவதாகச் சொன்னதும், மாணவி கொலீன் கவானா எழுந்து, அப்படியானால் உள்ளே கந்தகத்தை உண்ணும் பாக்டீரியா இருக்க வேண்டும் என்றார். 1981இல் அது நிரூபணமாக வெளிவந்தது. புழுவின் சிவப்பு இறகு ஹீமோகுளோபின் நிறைந்தது. நம்முடையது போலன்றி ஆக்சிஜனையும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் ஒரே நேரத்தில் தூக்கிச் செல்லும். உள்ளே இருக்கும் பாக்டீரியா அந்தச் சல்ஃபைடை எரித்து, கிடைக்கும் ஆற்றலில் கரியமில வாயுவிலிருந்து சர்க்கரை செய்கிறது. நம்மைக் கொல்லும் அழுகிய முட்டை வாயு அங்கே அரிசி.

ஒரு திருத்தம்: 'சூரியன் தேவையே இல்லை' என்பது முழு உண்மை இல்லை. அந்த எரிப்புக்கு வேண்டிய ஆக்சிஜன், மேலே சூரிய ஒளியில் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்கள் விட்டதுதான். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஊற்று நின்றுவிட்டால்?

எல்லாம் சாகும். ஊற்றுகள் நிரந்தரம் இல்லை, பசிபிக்கில் சில பத்தாண்டுகளில் அடங்கிவிடுபவை உண்டு. அதனால் ரிஃப்டியாவுக்கு அவசரம். 1991இல் கிழக்குப் பசிபிக் மேட்டில் எரிமலைக் குழம்பு பாய்ந்து ஒரு குடியிருப்பை அழித்தது. அடுத்த பயணங்களில் வந்து பார்த்தவர்கள், புதிதாகக் குடியேறிய ரிஃப்டியா 2 ஆண்டுக்கும் குறைவான காலத்தில் ஒன்றரை மீட்டர் குழாய் கட்டியிருந்ததைக் கண்டார்கள்.

குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து அடுத்த ஊற்றைக் கண்டுபிடிக்கின்றன. 2023இல் அதே மேட்டில் பாறைத் தகடுகளைப் பெயர்த்துப் பார்த்தபோது, அடியில் இருந்த வெதுவெதுப்பான பொந்துகளிலும் குழாய்ப்புழுக்கள் வாழ்ந்துகொண்டிருந்தன. ஆக, கடலடிக்கும் ஒரு கீழ்த்தளம் இருக்கிறது.

இந்தியப் பெருங்கடலில் இப்படி ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் வேறெங்கும் இல்லாத ஒன்று. மொரிஷியஸுக்குக் கிழக்கே, மத்திய இந்தியப் பெருங்கடல் மலைத்தொடரில் கைரே என்ற ஊற்றுப் பகுதியை 2000இல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்தார்கள். ஆழம் சுமார் 2,400 மீட்டர். அடுத்த ஆண்டு அங்கே கிடைத்தது செதில்கால் நத்தை. ஓட்டின் வெளிப்புறத்திலும், காலைச் சுற்றி ஓட்டுக் கூரை போல அடுக்கிய செதில்களிலும் இரும்பு சல்ஃபைடு படிந்திருக்கும். எலும்புக்கூட்டில் இரும்பு சல்ஃபைடு சேர்க்கும் விலங்கு என்று தெரிந்தது இது ஒன்றுதான். கிரைசோமாலன் ஸ்குவாமிஃபெரம் என்று முறைப்படி பெயர் எழுதப்பட்டது 2015இல்தான்.

இரும்புக் கவசம் என்று பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் சாலிடேர் என்ற இன்னொரு ஊற்றில், தண்ணீரில் இரும்பு குறைவு. அங்கே இதே நத்தை வெள்ளையாக, இரும்பே இல்லாமல் நன்றாக வாழ்கிறது. உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா வெளியேற்றும் கந்தகம் செதில் வழியாகக் கசிந்து, வெளியே நீரில் உள்ள இரும்போடு சேர்ந்து படிகிறது என்று 2019 ஆய்வு ஒன்று சொன்னது. கவசத்தைவிட, கழிவை வெளியே தள்ளும் ஏற்பாடு என்றே எனக்கும் படுகிறது. அதே 2019இல் இதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. ஆழ்கடல் சுரங்கத்தின் அச்சுறுத்தலைக் காரணமாக வைத்து அந்தப் பட்டியலில் ஏறிய முதல் உயிர் இதுதான்.

கும்மிருட்டில் கண் எதற்கு?

இருட்டுதான், ஆனால் வெளிச்சம் இல்லாமல் இல்லை. மான்டரே விரிகுடாவில் மேற்பரப்பு முதல் 4,000 மீட்டர் வரை எடுத்த 17 ஆண்டு வீடியோவை எண்ணிப் பார்த்ததில், கண்ணில் பட்ட உயிர்களில் முக்கால்வாசி சொந்தமாக ஒளிவிடும் இனங்கள்.

அட்டோலா ஜெல்லியை ஏதாவது கடித்தால் உடலைச் சுற்றி நீல விளக்குச் சக்கரம் சுழலும். தன்னைக் கடிப்பவனைக் கடிக்கப் பெரிய ஆளைக் கூப்பிடும் உத்தி. ஆய்வாளர் எடித் விடர் இதையே மின்விளக்கில் நகலெடுத்துத் தூண்டிலாகத் தொங்கவிட, 2012இல் ஜப்பானுக்கு அருகே ராட்சதக் கணவாய் வந்து கேமராவில் சிக்கியது. சுவைமா என்ற நீந்தும் புழுக்களில் சில, துரத்தப்பட்டால் பச்சையாக ஒளிரும் குண்டுகளைக் கழற்றி விட்டுவிட்டு இருட்டில் நழுவும். ஆழத்து இறால் பல சிவப்பாக இருப்பதும் ஒளிந்துகொள்ளத்தான். சிவப்பு ஒளி அங்கே வந்து சேராததால் சிவப்பு என்றால் கறுப்பு.

அட்லாண்டிக் ஊற்றுகளில் மொய்க்கும் ரிமிகாரிஸ் இறாலுக்குக் கண் இல்லை என்று முதலில் எழுதிவைத்தார்கள். முதுகில் தெரிந்த இரண்டு பளபளப்பான பட்டைகளை 1989இல் சிண்டி வான் டோவர் குழு ஆராய்ந்தது. அவை ஒளியை உணரும் உறுப்பு. எதைப் பார்க்க? 350 டிகிரி கொதிக்கும் ஊற்றுநீர் மிக மங்கலாக ஒளிர்கிறது. பசியோடு கிட்டே போக வேண்டும், வெந்துபோகவும் கூடாது. அதற்கு இப்படியொரு கண் உதவக்கூடும்.

எவ்வளவு காலம் வாழும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. குளிரும் பசியும் சேர்ந்தால் வாழ்க்கை எவ்வளவு மெதுவாகும் என்பதற்கு ஒரு தாயின் கதை போதும்.

2007இல் மான்டரே பள்ளத்தாக்கில் சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில், செங்குத்துப் பாறை ஒன்றில் ஒரு பெண் ஆக்டோபஸ் முட்டைகளின் மேல் கவிந்து உட்கார்ந்திருந்தது. கிரனெலிடோனே போரியோபசிஃபிகா என்ற இனம். முந்தைய மாதம் அதே இடத்தில் முட்டை இல்லை. உடம்பில் இருந்த வடுக்களை அடையாளம் வைத்து, புரூஸ் ராபிசன் குழுவினர் ரோபோ நீர்மூழ்கியில் அடிக்கடி போய்ப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே ஆள். நண்டுகளும் இறால்களும் பக்கத்தில் வந்தால் தள்ளிவிடும், தின்னாது. ரோபோவின் கையால் நண்டுத் துண்டு நீட்டியும் தொடவில்லை. வருடங்கள் போகப் போகத் தோல் வெளிறியது, உடல் சுருங்கியது, கண் மங்கியது. முட்டைகள் மட்டும் பெருத்துக்கொண்டே வந்தன. 2011 செப்டம்பரில் கடைசியாகப் பார்த்தார்கள். அக்டோபரில் தாய் இல்லை. கிழிந்த முட்டைக்கூடுகள் பாறையில் ஒட்டியிருந்தன. மொத்தம் 53 மாதம். அறியப்பட்ட விலங்குகளில் இவ்வளவு காலம் முட்டையை அடைகாப்பது வேறெதுவும் இல்லை.

ஏன் அவ்வளவு காலம்? தண்ணீர் 3 டிகிரி, கரு மெதுவாகத்தான் வளரும். அதோடு உணவு அரிதான இடத்தில் அரைகுறையாகப் பிறந்தால் பிழைக்க முடியாது. வேட்டையாடத் தெரிந்த குட்டியாகவே வெளியே வர வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அங்கிருந்து அதிக தூரம் இல்லாத டேவிட்சன் கடலடி மலையின் அடிவாரத்தில், 3,200 மீட்டர் ஆழத்தில், 2018இல் ஆயிரக்கணக்கான முத்து ஆக்டோபஸ்கள் பாறை இடுக்குகளில் அடைகாப்பதைக் கண்டார்கள். சுற்றிலும் 1.6 டிகிரி, அந்த இடுக்குகளில் மட்டும் 11 டிகிரி வரை வெதுவெதுப்பான நீர் கசிகிறது. அந்தச் சூட்டில் முட்டை 2 ஆண்டுக்குள் பொரிந்துவிடுகிறது. பிரசவத்துக்கு வெந்நீர் தேடி வரும் தாய்மார் என்று சொல்லலாம்.

வயதில் மூத்தவர்கள் இவர்களைவிட அசையாதவர்கள். மெக்சிகோ வளைகுடாவின் குளிர் கசிவுகளில், அதாவது கடலடியிலிருந்து மீத்தேன் போன்றவை கசியும் இடங்களில், வாழும் குழாய்ப்புழுக்கள் 200 முதல் 300 ஆண்டு. ஹவாய் பக்கத்தில் எடுத்த லியோபாதிஸ் கறும்பவளம் ஒன்று சுமார் 4,200 ஆண்டு. மோனோராஃபிஸ் என்ற கண்ணாடிக் கடற்பஞ்சு, சேற்றில் ஊன்றி நிற்க ஒற்றைக் கண்ணாடிக் கம்பியை வளர்க்கும். அது 3 மீட்டர்வரை நீளும். அத்தகைய ஒரு கம்பிக்கு விஞ்ஞானிகள் கணித்த வயது ஏறக்குறைய 11,000 ஆண்டு.

ஆழத்தில் எல்லாமே ராட்சதமா?

இல்லை. பெரும்பாலானவை விரலுக்குள் அடங்குபவை. பெரியவைதான் செய்தியாகின்றன. ராட்சதக் கணவாய் 12 மீட்டரைத் தொடும். மகா கணவாய் எடையில் அதையும் மிஞ்சும்; 2007இல் அண்டார்டிக் கடலில் பிடிபட்டது 495 கிலோ. அது தன் வாழிடத்தில் உயிரோடு முதன்முறை படமானது 2025 மார்ச்சில், அதுவும் 30 சென்டிமீட்டர் குட்டி. நீளத்தில் எல்லோரையும் தோற்கடிப்பது சைஃபனோஃபோர், ஜெல்லியின் உறவான ஒரு நீளச் சங்கிலி உயிர். 2020இல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் சுருள் சுருளாக மிதந்த ஒன்றின் வெளிச்சுற்று மட்டும் 47 மீட்டர் இருந்தது.

ராட்சத ஐசோபாட் ஐந்து வருடம் சாப்பிடாமல் இருந்தது உண்மையா?

உண்மை. ஐசோபாட் என்பது நண்டு, இறால் வகையறாவைச் சேர்ந்த ஓட்டுயிர். ஜப்பானில் டோபா மீன்காட்சியகத்தில் இருந்தது 2009 ஜனவரியில் கடைசியாக ஒரு மீனைத் தின்றது. 2014 பிப்ரவரியில் இறந்தது. இடையில் எதை வைத்தாலும் முகர்ந்துவிட்டுப் போய்விடுமாம். பெரிய விருந்து எப்போதாவதுதான் வரும் இடத்தில் பரிணமித்த உடம்பு, நீண்ட பட்டினியைத் தாங்குவதில் அதிசயமில்லை. கிடைத்தால் நகர முடியாத அளவு உண்ணும் சுபாவமும் அதற்கு உண்டு.

இவற்றைச் சாப்பிடுகிறார்களா?

வியட்நாமில் இந்த ஐசோபாட்களை உணவகங்களில் விற்கிறார்கள். அங்கே மீனவர்களிடமிருந்து வாங்கியவற்றில் ஒன்று புதிய இனம் என்று தெரிந்து, 2025இல் பாதினோமஸ் வேடரி என்று பெயர் பெற்றது. முகம் ஸ்டார் வார்ஸ் படங்களின் வில்லன் டார்த் வேடரின் தலைக்கவசம் மாதிரி இருந்ததால்.

கடலடிச் சுரங்கம் வந்தால் இவை என்னவாகும்?

4,000 முதல் 6,000 மீட்டர் ஆழத்துச் சேற்றில் உருளைக்கிழங்கு அளவில் உலோக உருண்டைகள் கிடக்கின்றன. மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், செம்பு கலந்தவை. வளரும் வேகம் பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். இந்தியாவும் இதில் பார்வையாளர் இல்லை: மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில் ஆய்வு உரிமை நம்மிடம் இருக்கிறது. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் வராஹா என்ற சுரங்க ஊர்தியை 2021இல் 5,270 மீட்டரில் ஓட்டிப் பார்த்தது. மூன்று பேரை 6,000 மீட்டர் இறக்கும் மத்ஸ்யா 6000ஐயும் அதே நிறுவனம்தான் உருவாக்குகிறது.

சேற்றுவெளியில் ஒட்டிப் பிடிக்க இருக்கும் ஒரே கெட்டியான பொருள் இந்த உருண்டை. 2016இல் ஹவாய்க்கு அருகே 4,290 மீட்டரில் கண்ட, பேய் போல வெளிறிய காஸ்பர் ஆக்டோபஸின் உறவினர்கள் முட்டையிடுவது எங்கே தெரியுமா? உருண்டையில் வளர்ந்து இறந்துபோன கடற்பஞ்சின் தண்டில். உருண்டையை எடுத்தால் பஞ்சு இல்லை, பஞ்சு இல்லாவிட்டால் முட்டைக்கு இடமில்லை. ஆக்டோபஸ் எத்தனை வருடம் அடைகாக்கும் என்று மேலே பார்த்தோம்.

பசிபிக்கின் கிளாரியன் கிளிப்பர்டன் பகுதியில் 1979இல் ஒரு சோதனை ஊர்தி ஓடியது. 44 ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோது ஊர்தியின் தடம் அப்படியே இருந்தது. சில சிறு உயிர்கள் திரும்பத் தொடங்கியிருந்தன. பெரிய, ஒட்டி வாழும் உயிர்கள் அந்தத் தடத்தில் இன்னும் மிக அரிது. அந்தப் பகுதியின் இனங்களில் சுமார் பத்தில் ஒன்பதுக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. மின்கல உலோகம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் 'பாதிப்பு தற்காலிகம்' என்று யாராவது சொன்னால், யாருடைய கடிகாரத்தில் என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா?

முடியும், இலவசமாக. ஷ்மிட் பெருங்கடல் நிறுவனம், நாட்டிலஸ் ஆய்வுக் கப்பல், அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவா ஆகியவை ரோபோ நீர்மூழ்கி இறங்கும்போது யூடியூபில் நேரலை விடுகின்றன. விஞ்ஞானிகள் பேசிக்கொள்வதும் கேட்கும். புதிதாக ஒன்றைப் பார்த்துக் கத்துவதும் கேட்கும். 2025இல் வெளியான ஒரு கணக்குப்படி, மனிதர் கண்ணால் பார்த்திருக்கும் ஆழ்கடல் அடித்தளம் 0.001 சதவீதத்துக்கும் குறைவு; அதனால் அந்தக் கத்தல் அடிக்கடி வரும். பசிபிக் பயணம் என்றால் அவர்களுக்குக் காலை, நமக்கு நடு இரவு. ஹவாயில் காலை 8 மணி, இங்கே இரவு 11.30. இறங்கிச் சேரவே சில மணி நேரம் ஆகும் என்பதால், தூங்கி எழுந்து விடியற்காலையில் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.